'ஸ்ட்ராங்கா ஒரு காபி' என்னும் மூடநம்பிக்கை

கோயமுத்தூரில் எந்த பேக்கரி வாசலில் நின்றாலும் இந்த வசனம் காதில் விழும். "அண்ணா, ஸ்ட்ராங்கா ஒரு காபி போடுங்ணா!" கேட்டவரைப் பிடித்து ஸ்ட்ராங் என்றால் என்ன என்று விசாரித்தால் மூன்று பதில் வரும். கறுப்பாக இருக்கணும், கசக்கணும், கெட்டியாக இருக்கணும். இந்த மூன்றில் ஒன்றுகூட காபியின் பலத்தைக் காட்டுவதில்லை என்பதுதான் சோகம். கறுப்பும் கசப்பும் கொட்டையைக் கருக்கியதால் வருபவை. கெட்டி பெரும்பாலும் சிக்கரியின் உபயம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். காபி-சிக்கரி கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்கவேண்டும் என்கிறது இந்தியச் சட்டம். அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி போட்டாலும் தப்பில்லை, சதவீதத்தைப் பாக்கெட்டில் அச்சடித்தால் போதும். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். இந்தியாவில் பெரும்பாலும் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. அதில் கஃபீன் துளிகூடக் கிடையாது. 60:40 பாக்கெட்டில் இருந்து 10 கிராம் தூள் போட்டால் அதில் காபி 6 கிராம்தான். செமஸ்டர் ராத்திரியில் கண்விழிக்க வேண்டி 'ஸ்ட்ராங்' குடிக்கும் ஹாஸ்டல் மக்களே, கொஞ்சம் யோசியுங்கள். மீதி 4 கிராம் வேரைக் குடித்தால் தூக்கம் எப்படிப் போகும்? :) சிக்கரியின் ருசி பிடித்திருந்தால் தாராளமாகக் குடிக்கலாம், அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ஸ்ட்ராங் காபி என்று பெயர் வைக்கக்கூடாது.

அடுத்தது வறுவல். பச்சைக் காபிக்கொட்டையை வறுக்கும்போது சூடு 200 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும் சமயம் சோளப்பொரி மாதிரி பட் பட்டென்று வெடிக்கும். இந்த முதல் வெடிப்பு முடிகிற நேரத்தில் இறக்கினால் லைட் ரோஸ்ட். சமையலில் போடும் பட்டையின் நிறம் இருக்கும், மேலே எண்ணெய் தெரியாது. இறக்காமல் விட்டு 225 டிகிரி பக்கம் போனால் இரண்டாவது வெடிப்பு. அதையும் தாண்டினால் எண்ணெய் கசிந்து கொட்டை பளபளக்கும். அது டார்க் ரோஸ்ட். எடைக்கு எடை பார்த்தால் கஃபீன் இரண்டிலும் ஏறக்குறைய சமம்தான். மாறுவது ருசி. லைட் ரோஸ்டில் தெரிவது கொட்டையின் சொந்த ருசி: எந்த மலையில் விளைந்தது, என்ன ரகம், பழத்தை எப்படிப் பக்குவம் செய்தார்கள் என்பதெல்லாம். டார்க்கில் தெரிவது பெரும்பாலும் கருகல். ஏற்காட்டுக் கொட்டைக்கும் பிரேசில் கொட்டைக்கும் கருகல் ருசி ஒன்றுதான்.

மட்டமான கொட்டையை விற்க சுலபமான வழியும் இதுதான். பூச்சி அரித்தது, பழுக்காமல் உருவியது, சரியாகக் காயாமல் பூசணம் பிடித்தது எல்லாம் லைட் ரோஸ்டில் முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கருக்கிவிட்டால் எல்லாம் ஒன்று. பழைய மீனுக்கு மசாலாவைத் தூக்கலாகப் போடுவது போலத்தான். கறுத்த கொட்டை எல்லாம் மட்டமான கொட்டை என்பதில்லை. ஆனால் மட்டமான கொட்டை ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் வேறில்லை.

இதில் கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கூடுதலாகவே வெட்கம் வரவேண்டும். சுற்றிலும் இருப்பது காபி மலைகள். பொள்ளாச்சியில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. மேட்டுப்பாளையம் தாண்டினால் நீலகிரி. சேலத்துக்கு மேலே ஏற்காடு, நாமக்கல் பக்கம் கொல்லிமலை, தெற்கே பழனிமலை. ஆனைமலை, நீலகிரி, சேர்வராயன், பழனி நான்கையும் காபி வாரியமே தனித்தனிக் காபி வட்டாரங்களாக வகுத்து வைத்திருக்கிறது. ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். ராபர்ட் ஸ்டேன்ஸ் 1861ல் கோவையில் கம்பெனி தொடங்கியதும் காபி பதப்படுத்தும் தொழிலில்தான். அவர் பஞ்சாலை ஆரம்பித்தது 1888ல். பஞ்சாலை நகரம் என்று பெயர் வாங்கும் முன்பே இது காபிக்கொட்டை ஊர். அப்பேர்ப்பட்ட ஊரில் இன்று ஒரு சாதாரண காபித்தூள் கடையில் போய் "வால்பாறை அராபிகா இருக்குங்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

இதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. 1940களில் இருந்து தோட்டக்காரர்கள் தங்கள் விளைச்சலைக் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. வாரியம் கிரேடு பிரித்து மொத்தமாக ஏலம் விடும். பார்த்துப் பார்த்து விளைவித்தவர் கொட்டையும் ஏனோதானோ என்று விளைவித்தவர் கொட்டையும் ஒரே குவியலில் சேரும். மலையின் பெயர் அங்கேயே காணாமல் போய்விடும். 1992ல் இந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது, 1996ல் முழுதாகப் போனது. சட்டம் போய் இத்தனை வருடம் ஆகியும் நம் நாக்கு மட்டும் அந்தக் குவியலை விட்டு வெளியே வரவில்லை.

விளைவு? 2019ல் கூர்க் அராபிகா, வயநாடு ரொபஸ்டா, சிக்மகளூர் அராபிகா, அரக்கு அராபிகா, பாபாபுதன்கிரி அராபிகா என்று ஐந்து காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உற்பத்தியில் இந்தியாவில் மூன்றாம் இடத்தில் இருக்கும் தமிழ்நாட்டின் காபி ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. கொல்லிமலையில் மிளகுக்கும் சில்வர் ஓக்குக்கும் நடுவே காபி போட்டிருக்கும் சிறு விவசாயியின் இடத்தில் நின்று பாருங்கள். பழுத்த பழத்தை மட்டும் பறிப்பதென்றால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை ஆள் விடவேண்டும். ஒவ்வொரு முறையும் கூலி. எப்படியும் கருக்கி, சிக்கரி கலந்துதான் விற்கப்போகிறார்கள் என்றால் அவர் எதற்காக அந்தச் செலவைச் செய்வார்? காயும் பழமுமாக ஒரே நாளில் உருவிவிட்டுப் போவார். மலையில் என்ன விளையும் என்பதைக் கீழே டம்ளர் பிடிக்கிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

இனி வழக்கமான ஆட்சேபணைகள்.

"லைட் ரோஸ்ட் புளிக்குதுங்க." கொஞ்சம் புளிக்கும்தான். நல்ல அராபிகாவுக்கு ஆரஞ்சுப் பழத்தின் புளிப்பு உண்டு, அது பழத்தின் குணம். ஆனால் நாக்கைக் கூசவைக்கும் புளிப்பு வந்தால் அது அரைகுறையாக இறங்கிய காபி. பச்சைப் புல் வாசம் அடித்தால் அது லைட் ரோஸ்ட் அல்ல, வேகாத கொட்டை.

"தண்ணியா இருக்கு." சிக்கரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் டிகாஷன் மெதுவாகக் கெட்டியாக இறங்கும். சுத்தக் காபித்தூளில் சரசரவென்று இறங்கிவிடும். தூளை இன்னும் கொஞ்சம் நைசாக அரைத்து வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது.

"இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன்." இதைத்தான் ஒத்துக்கொள்ளவே முடியாது. பால் இல்லாமல் கருப்பட்டியோ வெல்லமோ போட்டுக் குடிக்கும் வரக்காப்பி நம் ஊர்ச் சொல்தானே? அதே வரக்காப்பியை நல்ல கொட்டையில், கருக்காமல் போட்டால் லைட் ரோஸ்ட் காபி. ஏசி கடையில் இதையே கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வாயில் நுழையாத பெயர் வைத்து, பால் கேட்டால் முகம் சுளிப்பவர்களும் கண்டனத்துக்கு உரியவர்களே. பால் ஊற்றலாம். முக்கால் டம்ளர் கெட்டிப்பாலில் லைட் ரோஸ்ட் தொலைந்துபோகும் என்பது மட்டும் நிஜம். பாலைக் குறையுங்கள், அல்லது மீடியம் ரோஸ்டுக்கு வாருங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. கடை பாஷையில் 'பிளாண்டேஷன்' என்றால் கழுவிப் பக்குவம் செய்த அராபிகா. 'செர்ரி' என்றால் பழத்தோடு காயவைத்தது. 'பீபெரி' என்றால் பழத்துக்குள் ஒற்றைக் கொட்டையாக உருண்டு விளைந்தது. லைட் ரோஸ்டில் ஆரம்பிக்க பிளாண்டேஷனே நல்லது. அரைத்த தூளின் வாசம் சில நாட்களில் போய்விடும், எனவே மாதத்துக்கு அரைக் கிலோ வேண்டாம், வாரத்துக்கு 100 கிராம் போதும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். லைட் ரோஸ்ட் கொட்டை இறுக்கமானது, சாறு லேசில் இறங்காது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றவேண்டும். வரக்காப்பி என்றால் 15 கிராம் தூளுக்கு 225 மில்லி தண்ணீர் சரியாக இருக்கும். சிறுவாணித் தண்ணீர் வீட்டுக்கு வருபவர்கள் பாக்கியசாலிகள். போர்வெல் உப்புத்தண்ணீர் அந்தப் பழப் புளிப்பை அமுக்கிச் சப்பென்று ஆக்கிவிடும்.

அடுத்த முறை காபித்தூள் கடைக்குப் போனால் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த மலைக் கொட்டைங்க? எப்ப வறுத்ததுங்க? சிக்கரி எவ்வளவுங்க? கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். பத்துப் பேர் கேட்டுவிட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் அவரே போர்டு எழுதி மாட்டிவிடுவார்.