மிதக்குது பார் மீட்டர்!

கருமருந்துன்னா சிவகாசிக்காரங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி. ஆனா அந்தக் கால இங்கிலாந்தில் சாராயத்துக்கு மார்க் போட்டதும் இதே மருந்துதானாம், தெரியுமா பாஸ்? மருந்து மேல சாராயத்தை ஊற்றிக் கொளுத்துவாங்க. பற்றிக்கிட்டா சரக்கு ஓகே. நமத்துப் போச்சுன்னா தண்ணி கலந்தது. 'புரூஃப்' என்ற வார்த்தை அப்படி வந்ததுன்னுதான் சொல்றாங்க. எவ்வளவு ஊற்றினோம் என்பதைப் பொறுத்தே ரிசல்ட் மாறினா வரி போடுறவன் என்ன செய்வான்? 1816-ல் பார்லிமென்ட் சட்டம் போட்டு சைக்ஸ் என்பவரோட ஹைட்ரோமீட்டரைக் கொண்டுவந்தது.

நம்ம லேபில் இருக்கிற அதே ஐட்டம்தான். கீழே குண்டு, மேலே கோடு போட்ட குழாய். அடர்த்தியான திரவத்தில் தூக்கி நிற்கும், லேசான திரவத்தில் அமுங்கும்.

பீர் காய்ச்சுறவங்களுக்கு இது இல்லாம வேலையே ஓடாது. ஈஸ்ட் போடுறதுக்கு முன்னாடி இனிப்புத் தண்ணியில் ஒரு ரீடிங் எடுப்பாங்க. இதுதான் ஒரிஜினல் கிராவிட்டி. தண்ணி 1.000, இது 1.050-ன்னு வெச்சுக்குவோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலாக்கும். கூடவே வர்ற கார்பன் டை ஆக்சைடு பறந்துடும். கடைசி ரீடிங் 1.010. வித்தியாசம் 0.040, அதை 131-ஆல் பெருக்கினா சுமார் 5.2 சதவீதம் ஆல்கஹால். முதல் ரீடிங்கைக் கோட்டைவிட்டா, கடைசி ரீடிங்கை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது. 1880-ல் பிரிட்டனில் கிளாட்ஸ்டன் பீர் வரியையே இந்த முதல் ரீடிங் மேல போட்டார். 1993 வரை அப்படித்தான்!

(வீட்டில் ட்ரை பண்ணலாமான்னு யோசிக்கிற மாப்ளைகளே, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-லிருந்து இருக்கு. கள்ளுக்கே 1987-லிருந்து தடை. பதநீர்ப் பானையில் சுண்ணாம்பு தடவுறது எதுக்குங்கிறீங்க? புளிச்சுக் கள்ளாகிடக் கூடாதுன்னுதான்.)

நம்ம மாவட்டத்தில் இந்தக் குழாய்க்கு வேற பேர்: லாக்டோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. தண்ணிப் பாலைக் கிண்டினா விறகும் நேரமும்தான் வேஸ்ட், சட்டியில் கோவா தேறாது. நல்ல பால் 28-லிருந்து 32 காட்டும், அதாவது 1.028 முதல் 1.032. தண்ணி கலந்தா இறங்கும்.

ஆனா ஏமாற்றுறவன் சும்மா இருப்பானா? ஆடையை எடுத்துட்டா ரீடிங் ஏறும், அப்புறம் தண்ணி ஊற்றினா பழைய இடத்துக்கே வந்துடும். மீட்டர் சமர்த்தா 28 காட்டும்! அதனால்தான் கொழுப்பையும் சேர்த்து அளக்கிறாங்க. பீருக்கு ரெண்டு ரீடிங், பாலுக்கும் ரெண்டு டெஸ்ட்.

மாடு வளர்க்கிறவங்களுக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கு. நம்மூர் லாக்டோமீட்டர் 27 டிகிரிக்குச் செஞ்சது. கறந்த சூட்டில் நுரையோட கொண்டுபோன பால் குறைச்சுத்தான் காட்டும். ஒரு டிகிரி கூடினா ஏறக்குறைய 0.2 கூட்டணும். பால் 32 டிகிரியில் 27 காட்டினா, உண்மையில் அது 28. தெர்மாமீட்டர் போடாத இடத்தில் அந்த ஒரு பாயிண்ட் யார் கணக்கில் போகும்? ஊற்றினவங்க கணக்கில்தான். இப்ப பல இடங்களில் மெஷின் வந்தாச்சு, ஆனா குழாய் இன்னும் ஒழியலை.

வைவாவுக்கு ஒரு டிப்ஸ்: தெளிவான திரவத்தில் வளைவின் அடியைப் பார்த்து ரீடிங் எடுப்போம். பாலில் அடி தெரியாது. அதனால் மேல் விளிம்பு.