செல்ல எலி: ஆணா, பெண்ணா?

கேமரன் மலையின் கோலா தெர்லாவில் எலி என்றால் நல்ல பெயர் இல்லை. முட்டைக்கோசையும் தக்காளியையும் கடித்து வைக்கும், அரிசிச் சாக்கைக் கிழிக்கும், மின்கம்பியைக்கூட விட்டு வைக்காது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை, “எனக்குச் செல்ல எலி வேண்டும்” என்று கேட்டால் வீட்டார் முதலில் கேட்பது, “எலியா?” என்றுதான். அந்தக் கேள்வியைக் கடந்த பிறகு கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. வாங்கப் போவது ஆணா, பெண்ணா? பெரும்பாலான குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை. கடைக் கூண்டில் எது அழகாக இருக்கிறதோ அதைச் சுட்டிக் காட்டி வாங்கி வந்துவிடுகின்றன. சில வாரங்களில் அதன் விளைவு தெரியத் தொடங்குகிறது.

முதலில், செல்ல எலி என்பது எது? அது தோட்டத்தில் ஓடும் எலியைப் பிடித்து அடைத்ததன்று. பழுப்பு எலி என்னும் இனத்திலிருந்து மனிதர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த வகை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் ஜாக் பிளாக் என்ற எலி பிடிப்பவர் இருந்தார். விக்டோரியா மகாராணியாரின் எலி பிடிப்பவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அவர், வழக்கத்துக்கு மாறான நிறத்தில் அகப்பட்ட எலிகளைக் கொல்லாமல் வளர்த்து, இனம் பெருக்கி, செல்லப்பிராணிகளாக விற்றார். 1901இல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால், இங்கிலாந்தின் எயில்ஸ்பரி நகரில் நடந்த கண்காட்சியில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. எலியை அழிப்பதையே தொழிலாகக் கொண்டவர் எலி வளர்ப்புக்கும் வழி காட்டினார் என்பது வேடிக்கைதான்.

வீட்டிலுள்ள பெரியவர்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய் மலேசியாவில் உயிர்களைப் பறித்திருக்கிறது. 2010 முதல் அது சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்று. கூண்டில் பிறந்து கூண்டிலேயே வளர்ந்த எலிக்கு அந்நோய் இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால், தோட்ட வீட்டின் பின்புறத்தில் காட்டெலிகள் நடமாடும்போது, கூண்டை அங்கே வைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கூண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும். தீனி மூடிய டப்பாவில் இருக்க வேண்டும். எலியைத் தொட்ட கையைச் சவர்க்காரத்தால் கழுவ வேண்டும். இவற்றைச் செய்ய ஆயத்தமாக உள்ள பிள்ளையிடம், “எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?” என்ற பழமொழி இருக்கிறது. பாட்டியிடம் பேசும்போது பிள்ளையாரின் வாகனத்தையும் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, எலியை ஒற்றையாக வளர்க்கக் கூடாது. அது கூட்டமாக வாழும் உயிர். ஒன்றையொன்று நக்கித் தூய்மை செய்யும். குவியலாகப் படுத்துத் தூங்கும். 2011இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். ஓர் எலியைச் சிறிய குழாய்க்குள் அடைத்து, அதனோடு வாழ்ந்த இன்னோர் எலியை வெளியே விட்டனர். வெளியில் இருந்த எலிகளுள் பெரும்பாலானவை கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டு தோழனை விடுவித்தன. பக்கத்தில் சாக்லெட் துண்டுகள் இருந்தபோதும் தோழனை விடுவித்து அதனோடு பங்கிட்டுத் தின்றன. அந்தச் சோதனையில் இருந்த 6 பெண் எலிகளும் கதவைத் திறந்தன; ஆண் எலிகளில் 24க்கு 17 திறந்தன. இதை வைத்துப் பெண் எலிக்கே இரக்கம் மிகுதி என்று முடிவு கட்டுவது அவசரம். ஆறு என்பது சிறிய எண். இரு பாலுக்கும் துணை தேவை என்பதை மட்டும் இதிலிருந்து உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் உரிமையாளரின் கடமைகளைச் சொல்லும்போது, விலங்குக்குத் தேவையான உணவு, சூழல் ஆகியவற்றோடு, அதை மற்ற விலங்குகளுடன் சேர்த்து வைக்க வேண்டுமா, பிரித்து வைக்க வேண்டுமா என்பதையும் கருதச் சொல்கிறது.

இரண்டு எலிகள் என்றதும் பலருக்குத் தோன்றுவது, “ஒன்று ஆண், ஒன்று பெண், சோடியாக இருக்கட்டும்” என்பதே. கோழிக்குப் பொருந்தும் கணக்கு எலிக்குப் பொருந்தாது. பெண் எலி 4 அல்லது 5 நாளுக்கு ஒருமுறை இனச்சேர்க்கைக்கு ஆயத்தமாகிறது. கருவுற்ற 21 முதல் 23 நாளில் குட்டி போடுகிறது. ஓர் ஈற்றில் 8 முதல் 12 குட்டிகள் பிறப்பது வழக்கம். அதற்கு மேலும் பிறக்கலாம். குட்டி போட்ட ஒரு நாளுக்குள் அது மீண்டும் கருவுறக்கூடும். அந்தக் குட்டிகளோ ஆறு வாரத்தில் தாமே இனம் பெருக்கும் நிலையை அடைகின்றன. ஆகவே, ஐந்து வாரம் நிறைவதற்குள் ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் வெவ்வேறு கூண்டில் பிரிக்காவிட்டால் அண்ணன் தங்கை என்ற வேறுபாடும் அங்கே இருக்காது. பள்ளி விடுமுறையின் தொடக்கத்தில் ஆண் பெண் சோடியாக இரண்டு எலிகளை வாங்கிய குடும்பம், அடுத்த பருவத்தின் நடுவில் இருபதுக்கு மேற்பட்ட எலிகளோடு விழித்துக்கொண்டு நிற்கும்.

அப்போது என்ன செய்வார்கள்? “தோட்டத்தில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும்” என்று யாராவது ஒருவர் சொல்வார். மிக மோசமான யோசனை அதுதான். கூண்டில் பிறந்த எலிக்கு ஆந்தையையும் தெரியாது, பாம்பையும் தெரியாது, நச்சுத் தீனியையும் தெரியாது. பெரும்பாலானவை சில நாளில் மாண்டுவிடும். தப்பிப் பிழைப்பவை பக்கத்து வீட்டுக்காரரின் காய்கறியைத் தின்னும். ஒருவர் வளர்த்த ஆசைக்கு அடுத்தவர் உழைப்பு இரையாகும். எனவே, ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு “இரண்டும்” என்ற விடை மட்டும் கூடாது.

இனி, இரு ஆணா, இரு பெண்ணா என்று பார்க்கலாம். பெண் எலி உருவில் சிறியது. எடை பொதுவாக 200 முதல் 350 கிராம் வரை இருக்கும். மென்மையான மயிர், சுறுசுறுப்பான உடல். ஏறும், தாவும், துருவும். கையில் எடுத்தால் ஒரு நிமிடத்தில் தோளைத் தாண்டி முதுகுக்குப் போய்விடும். ஆண் எலி 350 முதல் 500 கிராம் வரை, சில வேளை அதற்கு மேலும் எடை கொள்ளும். மயிர் சற்று முரடானது. வளர்ந்துவிட்டால் ஓட்டம் குறைந்து, மடியில் படுத்துத் தடவிக் கொடுப்பதை விரும்பும். எல்லா எலியும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. மடியில் உறங்கும் பெண் எலியும் உண்டு, நாற்காலியின் மேல் ஏறும் ஆண் எலியும் உண்டு. ஆனால், எட்டு வயதுத் தம்பியும் எழுபது வயதுத் தாத்தாவும் உள்ள வீட்டில், கையில் அமைதியாக இருக்கும் உயிரே பாதுகாப்பானது. குழந்தையின் கை இறுக்கிப் பிடிப்பதும், எலி துள்ளிக் கீழே விழுவதும் நொடியில் நடந்துவிடும்.

ஆண் எலியின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகள் இரண்டு: நாற்றம், கடி. ஆண் எலி சென்ற வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டு அடையாளம் வைக்கும் என்பது உண்மை. அதன் முதுகுத் தோலில் மஞ்சள் நிற எண்ணெய்ப் பசையும் படியும். பெண் எலியும் அடையாளம் வைக்கும், அளவுதான் குறைவு. ஆனால், வீட்டில் மூக்கைப் பிடிக்க வைப்பது பெரும்பாலும் எலியின் உடல் நாற்றமன்று. நாள் கணக்கில் கழுவாத கூண்டின் அம்மோனியா நெடி. கோலா தெர்லாவில் இரவுக் குளிருக்குச் சன்னல்களை அடைத்துவிட்டுத் தூங்குவது வழக்கம். அப்போது அந்த நெடி மனிதருக்கு அருவருப்பாகத் தெரிவதோடு நிற்காது. எலிகளின் நுரையீரல் இயல்பிலேயே நோய்க்கு எளிதில் ஆட்படுவது. அம்மோனியா அதை இன்னும் கெடுக்கும். எந்தப் பாலாக இருந்தாலும் காகிதத் துண்டுகளைப் படுக்கையாகப் போட்டு, அழுக்கான இடத்தை நாள்தோறும் மாற்றத்தான் வேண்டும். சோம்பேறிக்குப் பெண் எலியும் நாறும்.

கடிப்பதைப் பொறுத்தவரை, ஐந்து முதல் எட்டு மாத வயதில் சில ஆண் எலிகள் முரட்டுத்தனம் காட்டுவதுண்டு. புதிய ஆண் எலியை நடுவில் கொண்டு வந்து சேர்த்தால் சண்டை பெரிதாகும். ஒரே ஈற்றில் பிறந்த இரு சகோதரர்களை ஒரே நாளில் வாங்கினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். அப்படியும் முரடாக மாறும் எலிக்கு மருத்துவர் விதை நீக்கம் செய்யலாம்.

பெண் எலியின் குறையோ அவ்வளவு எளிதில் தீர்வதன்று. அதற்குக் கழுத்திலிருந்து தொடை இடுக்கு வரை ஆறு சோடிப் பால் சுரப்பிகள் பரந்துள்ளன. ஒன்றரை வயதுக்குப் பிறகு அவற்றில் கட்டி தோன்றுவது மிகச் சாதாரணம். ஆய்வகத்தில் முதுமை வரை வளர்க்கப்பட்ட சில வகைப் பெண் எலிகளில் ஏறத்தாழப் பாதிக்கு இத்தகைய கட்டிகள் காணப்பட்டன. பெரும்பாலானவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. ஆனாலும், எலி நடக்கவே திணறும் அளவுக்கு அவை வளரும். அறுத்து எடுத்தால் இன்னோரிடத்தில் மீண்டும் வரலாம். இளமையிலேயே சூலகத்தை நீக்கினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். ஆனால், அது வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை. ஆண் எலிக்கும் கட்டி வரலாம், அது அரிது.

பட்டணத்துக் குடும்பத்துக்கு இது செலவு பற்றிய கவலை. மலைத் தோட்டக் குடும்பத்துக்குச் செலவோடு தொலைவும் சேர்ந்துகொள்கிறது. எலி போன்ற சிற்றுயிருக்கு அறுவை செய்யப் பழகிய கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. ஒருவரைத் தேடிச் சிம்பாங் பூலாய் சாலையின் வளைவுகளில் ஈப்போ வரை இறங்க வேண்டியிருந்தால், கொழுந்து பறிப்பிலோ காய்கறித் தோட்டத்திலோ நாட்கூலிக்கு வேலை செய்யும் பெற்றோர் ஒரு நாள் வருமானத்தையும் இழக்கிறார்கள். இருபது ரிங்கிட் எலிக்கு இவ்வளவா என்ற கேள்வி அப்போது எழும். அந்தக் கேள்வி எழுந்த வீட்டில் எலி வைத்தியமின்றி வலியோடு கிடக்கும். குடும்பத்தின் நிலையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

தட்பவெப்பமும் ஆண் எலிக்கே துணை நிற்கிறது. எலிக்கு மனிதரைப் போல் வியர்க்காது. மயிரற்ற வாலின் வழியேதான் உடல் வெப்பத்தில் ஒரு பகுதியை வெளியேற்றுகிறது. கோலாலம்பூரின் 33 பாகைப் பகலில் பருத்த ஆண் எலி சோர்ந்து விழும். மலைக் குளிர்ச்சியில் அதற்கு அந்தத் துன்பம் இல்லை. ஈரக் காற்று நேரே படாத மூலையும், ஒளிந்து தூங்க ஒரு துணிப் பையும் கொடுத்தால் போதும்.

ஆகவே, சிறு பிள்ளைகளும் முதியோரும் உள்ள தோட்டக் குடும்பத்துக்கு இரண்டு ஆண் எலிகளே ஏற்றவை. பெண் எலிகள் தகுந்த வீடும் இருக்கிறது. பதினைந்து, பதினாறு வயது மாணவர் ஒருவர் நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் எலிகளை வெளியே விட்டு, ஏற வலையும் துருவப் பெட்டியும் அமைத்து விளையாட்டுக் காட்டுவார் என்றால், பெண் எலிகளின் துடிப்பு அங்கே வீணாகாது. மருத்துவச் செலவுக்கு மாதந்தோறும் சிறிது பணம் எடுத்து வைக்கவும் அந்த வீடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

எதை முடிவு செய்தாலும் கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பி வாங்குவது சரியன்று. கடையில் பால் மாறிப்போவது புதுமையில்லை. ஐந்து வாரத்துக்கு மேற்பட்ட ஆண் எலிக்கு விதைப்பை வெளிப்படையாகத் தெரியும். பெண் எலியின் வயிற்றில் முலைக்காம்புகள் தெரியும். வாலின் அடிப்பகுதியைக் கையால் தாங்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்த கடையில் வாங்கும் பெண் எலி ஏற்கெனவே கருவுற்றிருக்கலாம். அத்தகைய கடையில் பெண் எலியை வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எலியின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டு. மூன்றாம் படிவத்தில் வாங்கிய குட்டிகள், மாணவர் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் ஆண்டில் கிழட்டு எலிகளாகிவிடும். முதிய ஆண் எலிகளுக்குப் பின்னங்கால்கள் தளர்வது வழக்கம். மேல் தட்டுக்கு ஏற முடியாமல், உண்ணும்போது முன்கால்களைத் தூக்கி உட்கார முடியாமல் தடுமாறும். அப்போது கூண்டின் மேல் தட்டுகளை எடுத்துவிட வேண்டும். தண்ணீர்க் குப்பியைத் தாழ்த்திக் கட்ட வேண்டும். தீனியை ஊறவைத்துக் கொடுத்து, பின்புறத்தை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். தேர்வு ஆண்டில் அந்த வேலையை யார் செய்வது என்பதை எலி வாங்கும் நாளிலேயே வீட்டில் பேசிக்கொள்ளலாம்.