பிறக்காத தலைமுறைக்கு ஓட்டு இல்லை... அவங்களுக்காகப் பேசுவது யார்? வேல்ஸ் முதல் கோவா வரை

இன்று போடும் ரோடு, வாங்கும் கடன், தோண்டும் சுரங்கம்... இதன் சுமையைத் தாங்கப் போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை. அவங்களுக்கு ஓட்டும் கிடையாது. அடுத்த தேர்தலைப் பார்த்து முடிவெடுக்கும் அரசு, 50 வருஷம் கழித்து வாழப் போகிறவர்களை எப்படி கணக்கில் எடுக்கும்? சில நாடுகள் இதற்கு வழி தேடியிருக்கின்றன.

வேல்ஸில் என்ன சட்டம்?

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ், 2015-ல் எதிர்காலத் தலைமுறைகள் நலச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அரசும் உள்ளாட்சிகளும் முடிவெடுக்கும்போது நீண்டகால விளைவையும் பார்க்க வேண்டும். இதைக் கண்காணிக்க தனி ஆணையர் இருக்கிறார்.

நியூபோர்ட் அருகே எம்4 நெடுஞ்சாலையில் நெரிசலைக் குறைக்க, சுமார் 140 கோடி பவுண்டில் புது சாலை திட்டமிடப்பட்டது. அது க்வென்ட் லெவல்ஸ் என்ற ஈரநிலப் பகுதி வழியாகப் போக வேண்டியிருந்தது. அப்போதைய ஆணையர் சோஃபி ஹவ் எதிர்த்தார். பொது விசாரணை அதிகாரி சாலைக்கு ஆதரவாகப் பரிந்துரைத்தார். ஆனாலும் 2019 ஜூனில், செலவையும் சுற்றுச்சூழல் பாதிப்பையும் காரணம் காட்டி முதல் அமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்டு திட்டத்தைக் கைவிட்டார்.

ஆணையரால் தடுக்க முடியுமா?

முடியாது. ஆய்வு செய்யலாம், பரிந்துரை செய்யலாம். பரிந்துரையை ஏற்கலைன்னா, ஏன் என்று அந்த அமைப்பு விளக்க வேண்டும். அவ்வளவுதான்.

இஸ்ரேலில் என்ன ஆச்சு?

அங்கே 2001-ல் நாடாளுமன்றமே இப்படி ஓர் ஆணையர் பதவியை உருவாக்கியது. மசோதாக்கள் பற்றிக் கருத்து சொல்ல அவகாசம் கேட்கும் அதிகாரமும் தந்தது. 2006-ல் முதல் ஆணையரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஆளை நியமிக்கவே இல்லை. பிறகு அந்தப் பதவியே ரத்தானது.

வேறு வழி இருக்கா?

கோர்ட் ஒரு வழி. ஜெர்மனியில் இளைஞர்கள் உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில், 2021-ல் அரசியல் சாசன நீதிமன்றம் பருவநிலைச் சட்டத்தின் ஒரு பகுதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. உமிழ்வைக் குறைக்கும் பாரத்தை 2030-க்குப் பின்னால் தள்ளுவது இளைஞர்களின் சுதந்திரத்தைப் பறிக்கும் என்பதே காரணம். இதையடுத்து, கார்பன் சமநிலைக்கான இலக்கு 2050-லிருந்து 2045-க்கு முன்னே வந்தது.

இந்தியாவிலும் உதாரணம் உண்டு. கோவா இரும்புத் தாது வழக்கில் 2014-ல் சுப்ரீம் கோர்ட், விற்பனைத் தொகையில் 10 சதவீதத்தை வருங்காலத் தலைமுறைக்கான நிரந்தர நிதியில் போட உத்தரவிட்டது.

இதில் தெரிவது என்ன?

ஓட்டெடுப்பில் உருவான பதவியை இன்னொரு ஓட்டெடுப்பில் ஒழித்துவிடலாம். அதைத் தட்டிக் கேட்க வேண்டியவங்க இன்னும் பிறக்கலை. அதனால் ஆணையரை நியமிப்பது மட்டும் போதாது. அரசியல் சாசனத்தின் பாதுகாப்பும், அடுத்த அரசு கை வைக்க முடியாத நிதியும் சேர்ந்தால்தான் அந்தக் குரல் நிலைக்கும்.