10 ரூபாய்க்கு ஒரு பூங்கா!

மாமரங்கள் அடர்ந்த காடா இருந்ததால்தான் 'மாங்காடு'ன்னு பேர் வந்ததா சொல்வாங்க. இன்னிக்குக் காமாட்சி அம்மனைக் கும்பிட்டுட்டு வெளியே வந்து, உட்கார்ந்து அரட்டை அடிக்க ஒரு மர நிழல் தேடிப் பாருங்க. திரும்பின பக்கமெல்லாம் மனைப்பிரிவு, அபார்ட்மென்ட்! 2021-ல் ஊர் நகராட்சியாவும் ஆயிடுச்சு.

'ஒரு குட்டி பார்க் இருந்தா எப்படி இருக்கும்!'னு பெருமூச்சு விடாதீங்க பாஸ். அதுக்கான இடம் உங்க தெருவுலேயே இருக்கலாம்!

தமிழ்நாட்டு விதிப்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மீதியில் 10 சதவிகித நிலத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொதுத் தேவைக்காக உள்ளாட்சிக்குத் தானமா எழுதித் தரணும். அப்ரூவலான வரைபடத்தில் அது இருக்கும். யாரும் கேட்காட்டி? முதல்ல முள்செடி, அப்புறம் குப்பை, கடைசியா யாரோ எழுப்புற காம்பவுண்ட் சுவர்!

'இடம் கிடைச்சாலும் யார் பார்த்துக்கறது?'ங்கறீங்களா? கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரையில் குப்பைமேடா கிடந்த அரசு நிலத்தை 2006-ல் 'நிழல்' அமைப்பு மரப் பூங்காவா மாத்த ஆரம்பிச்சது. குழி வெட்டி, தண்ணி ஊத்தினதில் தன்னார்வலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஸோ, தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்க. 'எங்க நகர்ல பூங்காவுக்கு ஒதுக்கின நிலம் எது, எவ்வளவு?' கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தரணும்.

ஒரு டீ காசுதான். கேட்டுப் பாருங்களேன்!