விடுபட்ட சுற்று

எண்ணுவதைப் போல எளிய வேலை வேறில்லை என்று நினைப்பவர்கள் ஒரு மாலைப் பொழுதாவது ரேடியோ கார்ப் பந்தயத்தின் கணக்கு மேசையில் அமர்ந்து பார்க்க வேண்டும். கவிதையும் நாவலும் பேசப்படும் இடத்தில் பொம்மைக் கார்களுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிப்பில் நியாயம் உண்டு. ஆயினும் நாங்கள் எழுத முனைவது கார்களைப் பற்றி அன்று. ஒரு தாளைச் சரியாக வாசிக்காமல் ஒரு சிறுமிக்கு நாங்கள் இழைத்த பிழையைப் பற்றி. அதைச் சொல்வதற்கு முன் சற்றே தரையில் மண்டியிட்டுக் கம்பி பதிக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள சிற்றூர் ஒன்றில், பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தை வாரம் ஒரு மாலை வாடகைக்கு எடுத்து நடக்கும் மன்றம் அது. கூடத்தின் தரையில் கறுப்புக் கம்பளத்தை விரித்து, விளிம்புகளை நாடாவால் ஒட்டி, வளைவுகளுக்குத் தடுப்புகள் வைத்தால் ஒரு மணி நேரத்தில் பாதை தயார். உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சாரக் கார்கள் ஓடும். ஓட்டுநர்கள் உயர்ந்த மேடையில் வரிசையாக நின்று கையிலுள்ள கருவியால் அவற்றைச் செலுத்துவார்கள். ஓட்டி முடித்தவர்கள் அடுத்த பந்தயத்தில் வளைவுகளில் நின்று, கவிழ்ந்த கார்களை நிமிர்த்திவிட வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. வென்றவரும் நிற்பார், தோற்றவரும் நிற்பார். எங்களை இந்த விளையாட்டின்பால் முதலில் ஈர்த்தது இந்த வழக்கம்தான்.

தகுதிச் சுற்றுகளின் கணக்கு விசித்திரமானது. எல்லோரும் ஒருசேரப் புறப்படுவதில்லை. எண் அழைக்கப்பட ஒவ்வொரு காராகப் புறப்படும். கோட்டைக் கடக்கும் கணத்தில் அந்தக் காருக்கான ஐந்து நிமிடம் தொடங்கும். ஐந்து நிமிடம் முடிந்ததும் வண்டி நின்றுவிடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை முடித்தே ஆக வேண்டும். ஆகவே முடிவு ‘19 சுற்று, 5 நிமிடம் 11.6 வினாடி’ என்பதுபோல இரு தலைகளுடன் வரும். முதலில் சுற்றுகளின் எண்ணிக்கை. அது சமமானால் மட்டுமே வினாடி. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் கருவி மேசையில் இருந்தாலும், ஒரு முழுச் சுற்று விடுபட்டால் அந்த நுட்பம் அத்தனையும் வீண்.

கருவி வருமுன் மனிதர்களே எண்ணினார்கள். காருக்கு ஒருவர், கையில் பென்சில், கோடு கிழித்தல். பின்னர் 1980களில் சில மன்றங்கள் வீட்டுக் கணினியைக் கொண்டுவந்து, காருக்கு ஒரு விசை என ஒதுக்கி, கார் கடக்கும்போதெல்லாம் தட்டின. மூன்று கார்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் விரலும் கண்ணும் குழம்பும். பந்தயம் முடிந்தபின் நடக்கும் வாக்குவாதம் பந்தயத்தைவிட நீளும் என்று பழைய உறுப்பினர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1982இல் நெதர்லாந்தில் தொடங்கிய ஏஎம்பி என்ற நிறுவனம் இந்தத் தொல்லைக்கு வழி கண்டது. காருக்குள் தீப்பெட்டியினும் சிறிய ட்ரான்ஸ்பாண்டர் ஒன்று, பாதைக்கடியில் கம்பி, மேசையில் டீகோடர். இந்த நிறுவனமே பின்னர் மைலாப்ஸ் என்று பெயர் மாறியது. இன்று உண்மையான மோட்டார் பந்தயங்களிலும், பனித்தளச் சறுக்கு வீரர்களின் கணுக்கால்களிலும் இருப்பது இதே மரபில் வந்த கருவிதான்.

2023ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், வழக்கமாக இதைக் கவனித்துக்கொண்டிருந்த முதியவர் உடல்நலமின்றி விலகவே, அந்தப் பொறுப்பு எங்கள் இருவர் தலையில் விழுந்தது. இருவருக்கும் மின்னணுவியல் தெரியாது. கம்பி பதிப்பதிலிருந்து கற்றோம்.

பாதைக்குக் குறுக்கே இரு கம்பிகள், ஒன்றுக்கொன்று 30 சென்டிமீட்டர் இடைவெளியில், இணையாகக் கம்பளத்துக்கடியில் செல்ல வேண்டும். ஒரு முனையில் அவற்றை 470 ஓம் மின்தடை ஒன்று இணைக்கும். மறுமுனை கோஆக்சியல் கேபிள் வழியாக டீகோடருக்குப் போகும். காரில் உள்ள ட்ரான்ஸ்பாண்டர் ஏறத்தாழ 5 மெகாஹெர்ட்ஸ் அலையில் தன் எண்ணை ஓயாமல் சொல்லிக்கொண்டே ஓடுகிறது. கம்பிகளின் மேல் வரும்போது அந்தச் சொல் கேட்கிறது, வலுக்கிறது, விலகியதும் மங்கி மறைகிறது. வலுவின் போக்கைக் கொண்டு கடந்த கணத்தை டீகோடர் தீர்மானிக்கிறது. கோயில் வாசலில் நிற்கும் செவிகூர்ந்த காவல்காரர், ஒவ்வொருவரும் தன் பெயரை முணுமுணுத்துக்கொண்டே நுழைவதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளலாம். முணுமுணுப்பு சரியாகக் கேட்க வேண்டும், அவ்வளவே.

எங்கே பதிப்பது என்பதில்தான் சூட்சுமம் முழுவதும். நேர்ப்பாதையில், கார்கள் சீராக ஓடும் இடத்தில் வேண்டும். கவிழ்ந்து கிடக்கும் வளைவருகே கூடாது, கம்பிமேல் விழுந்து கிடக்கும் கார் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். மண் பாதையானால் கார் பறக்கும் மேட்டருகே கூடாது. உயரம் கூடினால் குரல் கேளாது. பக்கத்துப் பாதைக்கு மிக அருகில் கம்பி நீண்டால், அங்கே போகும் கார் இங்கே எண்ணப்படும். முதல் வாரம் நாங்கள் செய்தது அதுதான். ஒருவர் 6 வினாடியில் ஒரு சுற்றை முடித்ததாகத் திரை அறிவித்தது, அரங்கமே கைதட்டியது. ‘இத்தனை வினாடிக்குக் குறைவான சுற்றை ஏற்காதே’ என்று மென்பொருளில் ஒரு வரம்பு வைத்து இதைத் தடுக்கலாம். நாங்களும் வைத்தோம். வைத்த கையோடு கருவி இனித் தவறாது என்று நம்பிவிட்டோம். கூடுதலாக எண்ணுவதைத் தடுத்தோமேயன்றி, குறைவாக எண்ணுவதைப் பற்றி நினைக்கவே இல்லை.

அன்று மூன்று தகுதிச் சுற்றுகள். மூன்றில் சிறந்தது கணக்கில் வரும். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி முதல் இரண்டில் காரின் முன்கை உடைந்து வெளியேறியிருந்தாள். மூன்றாவதில் முழுதும் ஓடினாள், ஒருமுறைகூடக் கவிழவில்லை. திரை 18 சுற்று என்றது. அவளுடைய தாத்தா மேசைக்கு வந்தார். கையில் ஒரு தபால் உறை. அதன் பின்புறத்தில் ஐந்தைந்தாகக் கோடுகள். குறைத்து எண்ணிவிட்டீர்கள் என்றார். மிகவும் தணிந்த குரலில்தான் சொன்னார். நாங்கள் திரையைக் காட்டினோம். “கருவி பதினெட்டு என்கிறது, ஐயா” என்றோம். உறையைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. அவர் மேலும் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். சிறுமி கடைசிப் பிரிவு இறுதிப் பந்தயத்தில் ஓடினாள்; அதற்கு மேற்பட்ட பிரிவில் அவளுடைய தோழிகள் ஓடினார்கள்.

கூடத்தைப் பெருக்கி, கம்பளத்தைச் சுருட்டி வைத்த பிறகு, அச்சிட்ட தாள்களை அடுக்கும்போதுதான் அவளுடைய சுற்று வரிசை கண்ணில் பட்டது. 16.3, 16.5, 16.4, 16.2 என்று வரிசையாக வந்துகொண்டிருந்த எண்களுக்கு நடுவே ஒரு 32.9. அடுத்து மீண்டும் 16.5. கார் கவிழ்ந்து கிடந்திருந்தால் 20 இருக்கலாம், 24 இருக்கலாம். இரு சுற்றுகளை ஒட்டவைத்தாற்போல மிகச்சரியாக 32.9 வர நியாயமே இல்லை. அவள் கடந்தாள், காவல்காரருக்குக் கேட்கவில்லை. மொத்த நேரம் 5 நிமிடம் 11 வினாடிக்குச் சற்று மேல். பத்தொன்பதால் வகுத்தால் சுற்றுக்குப் பதினாறரை வினாடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அவள் ஓடிய வேகமும் அதுவே.

ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களைப் பற்றி வாசித்திருக்கும் எங்களுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பல பிரதிகளை ஒப்பு நோக்கினார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஏடெழுதுவோன் கண் ஒரே சொல் இருமுறை வரும் இடத்தில் தாவிவிடும். இடையில் உள்ளது உதிர்ந்துபோகும். எழுதியவனுக்கு அது தெரியாது. அவன் பிரதியில் இடைவெளி கூட இராது. யாப்பை அறிந்தவன் வாசித்தால்தான் இந்த அடியில் ஒரு சீர் குறைகிறது என்று நிற்பான். டீகோடரும் அத்தகைய ஏடெழுதுவோன்தான். கேட்டதை ஆயிரத்தில் ஒரு வினாடித் துல்லியத்தோடு எழுதும். கேளாத ஒன்று உண்டு என்பதை எழுதாது. எழுத்தில் இல்லாததைக் கண்டுகொள்ள ஒரு வாசகன் வேண்டும். மேசையில் அன்று இருவர் இருந்தோம், வாசகர் ஒருவரும் இல்லை.

காரணம் மிக அற்பமானது. ட்ரான்ஸ்பாண்டர் தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். கார்பன் தகடு அதற்கும் கம்பிக்கும் நடுவே குறுக்கிடக் கூடாது. உடைந்த முன்கையை மாற்றிய அவசரத்தில் யாரோ அதைப் பெயர்த்து, பேட்டரியின் பக்கவாட்டில் செங்குத்தாக நாடாவால் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கடப்பிலும் குரல் எத்தனை முறை கேட்டது என்ற எண்ணையும் மென்பொருள் தருகிறது. மற்றக் கார்களுக்கு அது இருபதைத் தாண்டியிருந்தது. அவளுடையதற்கு மூன்று, நான்கு, இரண்டு. முதல் நிமிடத்திலேயே அந்தப் பத்தியை நோக்கியிருந்தால், காரை மேடையருகே கொண்டுவரச் சொல்லி அரை நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். சிறு மன்றங்கள் கருவி வாங்கும்போது கருவியோடு நின்றுவிடுகின்றன. அதை வாசிக்கும் ஆளை அமர்த்துவதில்லை. ‘கருவி சொல்கிறது’ என்ற வாக்கியத்தைக் கணக்கு மேசையில் தடை செய்ய வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. சுற்று வரிசை முழுவதும், கடப்பு எண்ணிக்கை உட்பட, பந்தயம் முடிந்த உடனே சுவரில் ஒட்டப்பட வேண்டும். சராசரியின் இருமடங்குக்கு நெருங்கிய எந்தச் சுற்றையும் எவரும் கேட்காமலே மேசை ஆராய வேண்டும். விடுபட்ட சுற்றைக் கையால் சேர்க்கும் வசதி ஏறக்குறைய எல்லாப் பந்தய மென்பொருளிலும் உண்டு. அதைப் பயன்படுத்துவதைப் பலர் ஏதோ கள்ளக் கணக்கு எழுதுவதாகக் கருதிக் கூசுகிறார்கள். கூச வேண்டியதில்லை, காரணத்தைத் தாளில் எழுதி வைத்தால் போதும்.

பென்சிலுக்கே திரும்பிவிடலாமே என்று மன்றத்தில் ஒரு சாரார் கேட்டார்கள். அது பழமைப் பற்றேயன்றித் தீர்வு அன்று. பத்துக் கார்களைப் பத்துக் கண்கள் பார்த்த காலத்தில் சச்சரவு குறைவாக இருந்ததில்லை. அன்புடையவர் எண்ணும் கணக்கில் ஒன்று கூடவே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2010களில் வந்த புதிய தலைமுறை ட்ரான்ஸ்பாண்டர்கள் தம் எண்ணை மறைகுறியாக்கி அனுப்புகின்றன. போலிகளைத் தடுக்க நிறுவனம் அவ்வாறு செய்வதில் வணிக நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் சிறு மன்றத்தின் பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது அதை நம்பியிருப்பவர்களுக்கே தெரியாதபோது, ஐயம் கேட்பவரை வாயடைப்பது இன்னும் எளிதாகிறது. பழைய வடிவக் குரலைக் கேட்கும் டீகோடரை ஆர்வலர்களே வடிவமைத்து, ஆர்சி ஹவர்கிளாஸ் என்ற பெயரில், எவரும் சில்லுகளை வாங்கிப் பற்றவைத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருக்கிறார்கள். அதைச் செய்து பார்த்தவர்கள் பணம் மிச்சப்படுத்தியது இருக்கட்டும், குரல் எப்போது கேளாமல் போகும் என்பதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருக்கிறார்கள். நாங்கள் அதை அறிய ஒரு சிறுமியின் மாலை செலவாயிற்று.

அடுத்த வாரம் தாத்தாவைத் தேடிப்போய்த் தாளைக் காட்டினோம். 32.9ஐ வட்டமிட்டிருந்தோம். பத்தொன்பது என்று திருத்திய முடிவையும் அதே சுவரில் ஒட்டியிருந்தோம். நடந்து முடிந்த இறுதிப் பந்தயத்தைத் திரும்ப நடத்தத்தான் வழியில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பிறகு மேலங்கியின் உட்பையிலிருந்து அந்தத் தபால் உறையை எடுத்தார். இந்தமுறை நாங்கள் கேட்டு வாங்கிப் பார்த்தோம்.

நான்கு கட்டுகள், கட்டுக்கு ஐந்து. இருபது.

அவரும் இன்னொரு முறை எண்ணினார். “ஒன்று அதிகம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது” என்றார். அன்று மாலை மேசையில் மூன்றாவது நாற்காலி ஒன்று போட்டோம். பேத்தியின் காரைத் தவிர மற்றக் கார்களின் வரிசையைப் படிப்பது அவர் வேலை. இரண்டாம் பந்தயத்திலேயே ஏழாம் எண் காரின் கடப்பு எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போய்விட்டது என்று அவர்தான் குரல் கொடுத்தார்.