காளான் தின்றதைச் சொல்ல வெட்கம் எதற்கு?

ஐப்பசியில் இரவெல்லாம் இடி இடித்து மழை பெய்தால், விடிந்ததும் ஆரணியைச் சுற்றியுள்ள நம் சேரிப் பெண்கள் ஏரிக்கரைக்கும் புற்றோரத்துக்கும் கூடையோடு கிளம்புவார்கள். அடைமழையில் வயல் வேலை கிடையாது. தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டால், தறிக்குக் கூலிக்குப் போகிறவர்களுக்கும் வேலை கிடையாது. அந்த நாட்களில் காசில்லாமல் கிடைக்கும் கறி காளான்தான்.

அதே மழையில்தான் நஞ்சுக் காளானும் முளைக்கிறது. பூச்சி அரித்தது நல்லது, பூண்டு கறுத்தால் கெட்டது என்று நாம் நம்பும் சோதனைகள் எதுவும் அதைக் காட்டிக்கொடுக்காது. அமானிட்டா இனக் காளான்கள் சிலவற்றில் உள்ள அமாடாக்சின் என்ற நஞ்சு, வேகவைத்தாலும் காயவைத்தாலும் அழியாது. தின்று 6 முதல் 24 மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு அவை நின்று, உடம்பு தேறியது போல் இருக்கும். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டே இருக்கும். கண் மஞ்சளாகும்போது பலருக்குக் காலம் கடந்திருக்கும்.

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று சில நாட்களில் 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அப்போது பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் தோட்டக் கூலி நாளொன்றுக்கு 205 ரூபாய். அறியாமையால் செத்தார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தக் கூலியில் என்ன கறி வாங்க முடியும் என்று யார் கேட்டார்கள்?

நமக்கு இன்னொரு பாரமும் உண்டு. 'கண்டதையும் தின்கிறவர்கள்' என்ற ஏச்சுக்குப் பயந்து, ஆஸ்பத்திரியில் காளானை மறைத்து, 'சோறு ஒத்துக்கலை' என்கிறோம். குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டால், நஞ்சு தன் வேலையை முடித்துவிடும். இந்த வெட்கம் சாதி நம் தலையில் ஏற்றியது. அதற்காக உயிரை விடக் கூடாது.

முழுக்கத் தெரிந்த காளானைத் தவிர வேறெதையும் பறிக்க வேண்டாம். காளான் தின்றபின் வாந்தி வந்தால் உடனே 108ஐ அழைப்போம். மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போவோம். கூடச் சாப்பிட்ட எல்லோரையும், வாந்தி இல்லாவிட்டாலும், கூட்டிப் போவோம். இந்த நஞ்சுக்கு உறுதியான முறிவு மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் போனால் கரித்தூள் மருந்து, சலைன், கல்லீரலைக் காக்கும் மருந்துகள் ஆகியவற்றால் பலரைப் பிழைக்கவைக்கலாம். முற்றினால் கல்லீரல் மாற்று அறுவைதான் வழி. வாந்தி நின்றாலும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்யாமல் வீடு திரும்பக் கூடாது. படிக்கிற பிள்ளைகள் இதை வீட்டில் சொல்ல வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு. மழைக்கு முன்பே கிராம சுகாதாரச் செவிலியர்கள் சேரிதோறும் இதை விளக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில், மழைக்காலத்தில் வாந்தியோடு வருகிறவரிடம், 'காளான் சாப்பிட்டீர்களா?' என்று முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும்.