ஒரு போனில் சரி, மறு போனில் பிழை



உதவிப் படிவங்களும் பெயர்ப் பட்டியல்களும் இப்போது போனுக்குள் வந்துவிட்டன. படிவம் திறக்காவிட்டால் “எனக்குப் படிப்பில்லை, இதெல்லாம் தெரியாது” என்று எங்களையே குறைசொல்லிக்கொண்டு விட்டுவிடுகிறோம். பல வேளைகளில் பிழை எங்களில் இல்லை.

இணையப் பக்கங்களைக் காட்டும் செயலியை உலாவி என்பார்கள். குரோம், பயர்பொக்ஸ், சபாரி என்று பல உண்டு. ஒரே பக்கத்தை ஒவ்வொன்றும் தன் வழியில் வாசித்து வரைந்து காட்டுகிறது. அதனால் ஒன்றில் சரியாக வருவது மற்றதில் குழம்பலாம்.

படுவான்கரையில் ஒரு சகோதரி, மகனின் கல்வி உதவிப் படிவத்தை முழுதாக நிரப்பியும் ‘அனுப்பு’ என்ற பொத்தானைக் காணாமல் மூன்று நாள் தவித்தார். அயல்வீட்டுப் போனில் வேறு உலாவியில் திறந்தோம். பொத்தான் இருந்தது. அனுப்பியதோடு நிற்காமல், இரண்டு போனிலும் கண்டதை எழுதி அந்தத் தாபனத்துக்கு அறிவித்தோம். திருத்தினார்கள். அவருக்குப் பின்னால் விண்ணப்பித்தவர்கள் அலையவில்லை.

பெரிய கம்பனிகளுக்கும் இது நடக்கும். 2018 பெப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்து வந்ததும் ஐபோனில் வட்ஸ்அப் போன்ற செயலிகள் மூடிக்கொண்டன. டெலிகிராமும் ஸ்கைப்பும் தப்பின என்று செய்திகள் வந்தன. பிழை, போனின் எழுத்து வரையும் பகுதியில் இருந்தது. விடயம் வெளியே வந்தது. பெப்ரவரி 19இல் அப்பிள் திருத்தம் வெளியிட்டது.

தமிழிலும் கவனிக்க ஒன்று உண்டு. ‘ஸ்ரீ’ என்பதைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். 2005இல் யுனிகோட்டில் ‘ஶ’ என்ற எழுத்து சேர்ந்ததிலிருந்து இப்படி. பல போன்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ஒரு விதமாகப் பதிந்த பெயரை மற்ற விதமாகத் தேடினால் ‘இல்லை’ என்று வரலாம். காணாமல் போனவரின் பெயரைத் தேடும் ஒருவருக்கு அந்தச் சொல் எவ்வளவு வலிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ‘இல்லை’ என்று வந்தால் உடனே நம்பாதீர்கள். பெயரை மற்ற விதமாகவும் ஆங்கிலத்திலும், அடையாள அட்டை இலக்கத்தாலும் தேடித்தரக் கேளுங்கள்.

பிழையை அறிவிக்கும்போது இவற்றை எழுதுங்கள்:

1. எந்தப் போன், எந்த உலாவி அல்லது செயலி.
2. திகதி, நேரம்.
3. முதலில் எதைத் தொட்டீர்கள், அடுத்து எதை.
4. என்ன வரவேண்டும், என்ன வந்தது.
5. வேறு போனில், வேறு உலாவியில் எப்படி இருந்தது.

ஐந்தாவதுதான் முக்கியம். எங்கே சரி, எங்கே பிழை என்று தெரிந்தால் திருத்துபவர் எங்கே தேடுவதென்று அறிவார். திரையைப் படமெடுத்துச் சேருங்கள். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு தெரிந்தால் மறைத்துவிடுங்கள். இரகசிய எண்ணை யாருக்கும் கொடுக்க வேண்டாம். முதலில் படிவம் தந்த அலுவலகத்துக்கு அறிவித்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இது புதிய வேலையல்ல. ஆணைக்குழுக்களின் முன் நாள், நேரம், இடம், கண்ட சாட்சி என்று பிசகாமல் சொன்னவர்கள் நீங்கள். பைல்கட்டுகளைப் பத்திரமாகக் காத்தவர்கள். அதே பழக்கம் இதற்கும் போதும். போனில் ஏதும் மக்கர் பண்ணினால் கொப்பியில் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். இரண்டு மூன்று போன்களை வைத்துச் சேர்ந்து பார்ப்போம்.